பாட்டில் வந்த வாக்கு: காரைக்குடி வாசகருக்குப் பதில்

கேள்வி: "பாஸ்டர் ஐயா, காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆராதனை நடத்துகிற அண்ணன் பாட்டு முடிந்ததும் என்னை நிறுத்த விடமாட்டார். அதே நாலு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டை) திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, அதன்மேல் 'தீர்க்கதரிசனப் பாட்டு' பாடுவார். போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாத ஒரு அக்காவைப் பார்த்து, 'அடுத்த வருஷம் இதே ராத்திரி மடியில் பிள்ளையோடு வருவாய்' என்று பாடினார். சபையே அழுதது. நானும் அழுதேன். அந்த அக்கா மதுரைக்கு ட்ரீட்மெண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நவம்பர், ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாகச் சபைக்கும் வருவதில்லை. அண்ணனிடம் கேட்டால், 'அவர்கள் விசுவாசம் குறைந்துவிட்டது' என்கிறார். 1 நாளாகமம் 25-ல் வாத்தியங்களால் தீர்க்கதரிசனம் சொன்னதாக இருக்கிறதே என்று காட்டுகிறார். பாட்டு தீர்க்கதரிசனம் ஆகுமா? நான் வாசிப்பதை விட்டுவிடவா? வரும் வருஷத்து வாக்குத்தத்தப் பாட்டுக்கு மெட்டுப் போட என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்ய?"

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அன்புள்ள தம்பி,

பாட்டைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த அக்காவைப் பற்றிப் பேசிவிடுவோம். காலம் போய்க்கொண்டிருப்பது அவர்களுக்குத்தான்.

பிள்ளைப்பேறுக்கான சிகிச்சையில் வயதும் மாதங்களும் கணக்கில் வரும். நிறுத்திய சிகிச்சையை அவர்கள் மறுபடி தொடங்க வேண்டும். கணவரும் கூடப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இப்படிச் சொல்வது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 2 இராஜாக்கள் 20-ஐத் திறந்து காட்டுங்கள். எசேக்கியா ராஜா சாகக்கிடந்தபோது, அவர் பிழைப்பார், இன்னும் 15 வருஷம் இருப்பார் என்று கர்த்தருடைய வார்த்தையைக் கொண்டுவந்தவர் ஏசாயா. அதே ஏசாயாதான் கையோடு அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் புண்ணின்மேல் பற்றுப் போட்டார்கள்; ராஜா பிழைத்தார். வாக்குக் கொடுத்த தீர்க்கதரிசியே வைத்தியத்துக்கும் வழி சொல்லியிருக்கிறார். வாக்கு வந்துவிட்டது, இனி டாக்டர் எதற்கு என்ற பேச்சுக்கு வேதத்தில் இடமில்லை.

யார் போய்ச் சொல்வது? நீங்கள் தனியாகப் போக வேண்டாம். பாஸ்டரம்மா கூட வரட்டும், இல்லையென்றால் உங்கள் அம்மா. போய் உட்கார்ந்து, "அன்றைக்கு நான்தான் அக்கா வாசித்தேன், எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். 'கர்த்தருடைய வேளை வரும்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இன்னொரு தேதி கொடுப்பதுபோல்தான் அவர்கள் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று அன்றைக்கே கூப்பிடவும் வேண்டாம். அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும். கோபப்பட அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் பிள்ளை இல்லாத பெண்ணிடம் கல்யாண வீட்டிலும் வளைகாப்பிலும் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விகளுக்குத் தப்பி வந்து உட்கார ஒரு இடம் என்று அவர்கள் சபையை நம்பியிருப்பார்கள். அங்கே மைக்கில், எல்லார் முன்னாலும், அவர்கள் வயிற்றைப் பற்றிப் பாடிவிட்டோம். இது சின்ன விஷயம் இல்லை, தம்பி.

'விசுவாசம் குறைந்துவிட்டது' என்ற பேச்சை உங்கள் சபையில் யாரும் இனி எடுக்கவே கூடாது. உபாகமம் 18:22-ஐப் பாருங்கள். ஒருவன் கர்த்தரின் பேரால் சொன்னது நடக்கவில்லையென்றால், அது கர்த்தர் சொன்னதல்ல, அவன் துணிகரத்தினால் சொன்னது, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று இருக்கிறது. கேட்டவரின் விசுவாசத்தை அங்கே யாரும் அளக்கவில்லை. கணக்குக் கேட்கப்படுவது சொன்னவரிடம். பாரத்தைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைப்பது இரண்டாவது காயம், என் பார்வையில் முதல் காயத்தைவிடப் பெரியது.

சரி, பாட்டுக்கு வருவோம்.

உங்கள் அண்ணன் காட்டும் வசனம் உண்மைதான். ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகிய மூவரின் பிள்ளைகளைச் சுரமண்டலங்களாலும் தம்புருக்களாலும் கைத்தாளங்களாலும் தீர்க்கதரிசனம் சொல்லும்படி தாவீது பிரித்தெடுத்தார் என்று 1 நாளாகமம் 25 சொல்கிறது. ஆகவே பாட்டு தீர்க்கதரிசனம் ஆகுமா என்றால், ஆகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாடற்குழுக்களுக்கு வேதபாடமும் பாட்டும் சொல்லித் தருகிற வேலையில் இருப்பவன் நான். பாட்டு வெறும் அலங்காரம், பிரசங்கத்துக்கு முன்னால் ஆட்கள் வந்து சேரும்வரை ஓடும் நிகழ்ச்சி என்று நினைக்கிறவர்களிடம் இந்த அதிகாரத்தைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வேன்.

ஆனால் முதல் வசனத்தோடு நிறுத்தாமல் முழுதாக வாசிக்க வேண்டும். மூன்றாம் வசனத்தில் எதுத்தூன் சுரமண்டலத்தோடு தீர்க்கதரிசனம் சொன்னதின் உள்ளடக்கமே வந்துவிடுகிறது: கர்த்தரைப் போற்றித் துதிப்பது. பாடினவர்கள் தங்கள் தகப்பன்மாரின் கைக்குள், ராஜாவின் கட்டளைக்குள் இருந்தார்கள். பாட்டில் தேறினவர்கள் 288 பேர் என்று எண்ணிக்கையே கொடுத்திருக்கிறது. 24 வகுப்பு, வகுப்புக்கு 12 பேர். பெரியவன் சிறியவன், ஆசான் மாணவன் என்று பார்க்காமல் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். ஆக, படித்துப் பழகி, ஒருவருக்கு ஒருவர் கட்டுப்பட்டு, முறை வைத்துப் பாடியதைத்தான் வேதம் தீர்க்கதரிசனம் என்கிறது. யாரோ ஒருவர் கண்ணை மூடியதும் வருவது மட்டும்தான் அபிஷேகம், பயிற்சி செய்து பாடுவது மாம்சம் என்று நம் சபைகளில் ஒரு பேச்சு ஓடுகிறதே, அதற்கு இந்த அதிகாரமே பதில்.

அந்த மூவர் பாடியது என்ன என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியும் இருக்கிறது. ஆசாபின் பெயரில் 50-ம் சங்கீதமும் 73 முதல் 83 வரையும் இருக்கின்றன. 50-ல் தேவனே 'நான்' என்று பேசுகிறார். உங்கள் அண்ணன் 'நான்' என்று கர்த்தரின் குரலில் பாடுகிறாரே, அதற்கு இது முன்மாதிரிதான். ஆனால் அங்கே தேவன் என்ன பேசுகிறார்? எனக்குப் பசித்தால் உன்னிடம் கேட்கப்போவதில்லை என்கிறார். திருடனைக் கண்டால் அவனோடு ஒத்துப்போகிறாய், உன் சகோதரனுக்கு விரோதமாய்ப் பேசுகிறாய் என்று கடிந்துகொள்கிறார். பலி செலுத்த வந்த கூட்டத்தையே நிற்க வைத்துக் கேட்கிறார். உங்கள் சபையில் கடைசியாக எந்தத் தீர்க்கதரிசனப் பாட்டில் இப்படி ஒரு வரி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வட்டிக்கு விட்டவரைப் பற்றி, மருமகளைப் படுத்துகிற மாமியாரைப் பற்றி, கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துப் பிரித்துப் புதைப்பதைப் பற்றி? தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஆமோஸ் தீர்க்கதரிசி, உன் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தர் சொல்வதாகச் சொல்லிவிட்டு, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்றார். வீடும் விசாவும் பிள்ளையும் மட்டுமே வருகிற பாட்டில் ஆசாபின் குரல் பாதிகூட இல்லை.

ஏமானை 25:5 ராஜாவுக்கு ஞானதிருஷ்டிக்காரன் என்கிறது. ஏமான் என்ற பெயர் 88-ம் சங்கீதத்தின் தலைப்பிலும் இருக்கிறது. சங்கீதப் புத்தகத்திலேயே வெளிச்சம் வராமல் முடிகிற பாட்டு அது. கடைசி வசனத்திலும் இருள்தான். சிநேகிதரைத் தூரமாக்கினீர் என்று புலம்பி அப்படியே நின்றுவிடுகிறது. அந்த அக்காவுக்கு இந்த 11 மாதத்தில் யாராவது இந்தப் பாட்டைப் பாடியிருந்தால் தங்களுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எரேமியா 9-ல் புலம்பற்காரிகளை வரவழையுங்கள் என்று கர்த்தரே சொல்கிறார். நம் செட்டிநாட்டுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆச்சிமார் கட்டிப் பாடிய ஒப்பாரி எழவு வீட்டில் கேட்டிருக்கிறோம். இறந்தவரின் பெருமையும் செய்த அநியாயமும் விட்டுப்போன கடனும் எல்லாம் அதில் வரும். சபைக்குள் வந்ததும் மட்டும் அழுகைக்கு மூன்று நிமிஷம், அப்புறம் கைதட்டல் என்று ஆகிவிட்டது. துக்கத்தை உள்ளபடி கர்த்தர் முன்னால் வைப்பதும் தீர்க்கதரிசனப் பாட்டின் வேலைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேதத்தில் தீர்க்கதரிசி என்று பெயர் பெற்ற பெண்கள் பாடிய பாட்டுகள் எப்போது வந்தன? மிரியாம் தம்புரு எடுத்தது செங்கடலைக் கடந்த பிறகு. தெபொராள் பாடியது எதிரிச் சேனாபதி சிசெரா தோற்ற பிறகு. அதிலும் யார் யார் யுத்தத்துக்கு வந்தார்கள், ரூபன், தாண், ஆசேர் கோத்திரத்தார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று பெயர் சொல்லிப் பாடினாள். நடந்ததற்குக் கர்த்தருடைய கண்ணால் பொருள் சொல்வதே இந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி. எதிர்காலம் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வரும், அன்னாள் பாட்டில் வருகிறது. பிள்ளை இல்லாதவர்கள் விஷயத்தில் எல்லாரும் எடுக்கிற உதாரணம் அவள்தான், ஆகையால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அன்னாள் ஆலயத்தில் வாய் அசைய, சத்தம் வராமல் ஜெபித்தபோது ஆசாரியர் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தார். விவரம் தெரிந்ததும், சமாதானத்தோடே போ, நீ கேட்டதைத் தேவன் தருவாராக என்று ஆசீர்வதித்தார். தேதி சொல்லவில்லை, பாடவில்லை, கூட்டத்தைக் கூட்டவில்லை. அவள் பாடியது சாமுவேல் பிறந்து, பால் மறந்து, அவனை ஆலயத்தில் விட்ட பிறகு. அந்தப் பாட்டில் 'மலடியாயிருந்தவள் ஏழு பெற்றாள்' என்று ஒரு வரி. ஆனால் அதே அதிகாரத்தின் 21-ம் வசனத்தில் கணக்குப் பாருங்கள்: சாமுவேலுக்குப் பின் மூன்று குமாரர், இரண்டு குமாரத்திகள். மொத்தம் ஆறு. ஏழு அவளுடைய வீட்டுக் கணக்கே இல்லை. தாழ்த்தப்பட்டவர்களைத் தேவன் என்ன செய்வார் என்று இஸ்ரவேலுக்கெல்லாம் பாடுகிறாள். முடிவில், இஸ்ரவேலுக்கு ராஜாவே இல்லாத காலத்தில், கர்த்தர் ஏற்படுத்தும் ராஜாவைப் பற்றிப் பாடுகிறாள். தீர்க்கதரிசனம் அங்கேதான் இருக்கிறது. தன் வயிற்றிலிருந்து ஆரம்பித்தவள் ஒரு ஜனத்தின் கதைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு உங்கள் சபையில் நடந்தது நேர் எதிர்: ஜனத்துக்குரிய வார்த்தையை எடுத்து ஒரு பெண்ணின் வயிற்றில் கட்டிவிட்டார்கள்.

பவுல் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறார். 1 கொரிந்தியர் 14-ல் தீர்க்கதரிசனத்தின் பலன் மூன்று: பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். தேதி இந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு பேராவது மூன்று பேராவது பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கும் என்கிறார். 'ஆவியானவர் தள்ளினார், என்னால் அடக்க முடியவில்லை' என்று அண்ணன் சொல்ல இந்த வசனம் இடம் கொடுக்காது. அதே அதிகாரத்தில், ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்கிறார். பாடுவது கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழிசைக்குத் தோள் கொடுத்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவியவர் நம் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார். புரிந்து பாடு, புரியும்படி பாடு என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குப் பவுல் வந்து சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் விரலுக்கு வருகிறேன். அந்த நாலு கார்டு: ஜி, டி, ஈ மைனர், சி. பியானோவுக்கு அடியில் விடாமல் நீண்டு ஒலிக்கும் ஒரு பேட் (pad) சவுண்டு. கால் வால்யூம் பெடலில். டிரம்ஸ்காரர் குச்சியைச் சிம்பலில் மெல்ல உருட்டுவார். ஐந்தாவது, ஆறாவது சுற்றில் சபையின் மூச்சே அந்த நடைக்கு வந்துவிடும். சி-யிலிருந்து ஜி-க்குத் திரும்பாமல் நீங்கள் பிடித்து வைத்தால், ஏதோ வரப்போகிறது என்று எல்லார் மனமும் நுனியில் நிற்கும். வாசிக்கிற உங்களுக்கு இது தெரியும், நீங்களே அதைச் செய்கிறீர்கள். இதில் பாவம் ஒன்றும் இல்லை. இசை என்றால் இப்படித்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் மைக்கில் சொல்லப்படும் எந்த வார்த்தையும் உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்கும். அழுகை வந்ததால் வார்த்தை கர்த்தருடையது என்று ஆகிவிடாது. கார்டு திரும்பியதாலும் அழுகை வரும். அந்த வரியைச் செவ்வாய்க்கிழமை காலையில், கீபோர்டு இல்லாமல், அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் சொல்ல அண்ணனுக்குத் தைரியம் வருமா? வராது என்றால் அதை ராத்திரி பாடியிருக்கவும் கூடாது.

எலிசாவின் கதையில் உங்களுக்கென்றே ஒருவர் இருக்கிறார். 2 இராஜாக்கள் 3. இஸ்ரவேல், யூதா, ஏதோம் என்று மூன்று ராஜாக்களின் சேனை தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது. இஸ்ரவேலின் ராஜாவைக் கண்டதும் எலிசாவுக்குக் கோபம். பிறகு, சுரமண்டல வாத்தியக்காரன் ஒருவனைக் கொண்டுவாருங்கள் என்கிறார். அவன் வாசித்தபோது கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்கிற்று. வாசித்தவன் பெயர் இல்லை. அவன் பேசவும் இல்லை. கலங்கிய ஒரு மனதை அமரவைத்தான், அவ்வளவே. அது பெரிய ஊழியம். வந்த வார்த்தை என்ன தெரியுமா? பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால் வெட்டுங்கள். காற்றும் மழையும் காணமாட்டீர்கள், ஆனாலும் தண்ணீர் வரும், வெட்டி வையுங்கள். ஊருணி வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கிக் குடித்த சீமை நம்முடையது. இந்த வார்த்தையின் அருமை நமக்குத் தெரியும். அந்த வாக்கு கேட்டவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது. உங்கள் அக்காவுக்கு வந்ததாகச் சொன்ன வாக்கு அவர்கள் கையிலிருந்த மாத்திரைச் சீட்டைப் பிடுங்கிவிட்டது.

அண்ணன் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். இப்படிப் பாட்டின் நடுவே கர்த்தரின் வார்த்தையைப் பாடும் வழக்கம், 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அசூசா தெருவில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலிலும், 1948-ல் கனடாவில் தொடங்கிய பின்மாரி (Latter Rain) என்ற எழுப்புதல் இயக்கத்திலும் வளர்ந்தது. கேசட்டிலும் டிவியிலும், இப்போது யூடியூபிலும் அது நம்மிடம் வந்துவிட்டது. அங்கே கூடவே இருந்த சோதித்துப் பார்க்கிற மூப்பர்களும் அதற்கான பயிற்சியும் வீடியோவில் வருவதில்லை. மெட்டும் கண்ணீரும்தான் வருகின்றன. பார்த்துப் பழகியவர் அதையே செய்கிறார். அந்த அக்காவின்மேல் அவருக்கு இரக்கம் இருந்திருக்கிறது. அந்த இரக்கத்தை ஜெபமாகப் பாடியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நம் வீடுகளில் தாலாட்டுப் பாடும்போது பிள்ளை கப்பலேறிப் போகும், மாளிகை கட்டும் என்றெல்லாம் பாடுவார்கள். அது ஆசை என்று பாடுகிறவளுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். 'ஆண்டவரே, இவளுக்குப் பிள்ளை கொடும்' என்று சபை பாடலாம், ஏலியைப்போல வாழ்த்தலாம். 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று போடும்போதுதான் அது வேறு ஆகிவிடுகிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்ற வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறவஞ்சியில் குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்லியே ஆக வேண்டும், அதுதான் அந்த வடிவத்தின் உயிர். சாஸ்திரியார் அதில் தலைவனாகக் கிறிஸ்துவை வைத்தார். குறி சொல்கிற இடமும் அந்த மணவாளனைப் பற்றியதாகிவிட்டது. 200 வருஷத்துக்கு முன்னால் குறியைச் சுவிசேஷமாக மாற்றத் தெரிந்திருந்தது நம் பாட்டுக்காரருக்கு. நாம் சுவிசேஷத்தைத் திரும்பக் குறியாக மாற்றிக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள், பயிற்சி நடக்கும் நாளில் வேண்டாம். "அண்ணே, நீங்கள் பாடும்போது நானும் அழுதவன்தான். ஆனால் அக்கா வீட்டில் நடந்திருப்பதைப் பாருங்கள். சொன்னது நடக்கவில்லை என்று நாமே போய்ச் சொல்லிவிடுவோம்" என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், எல்லார் முன்னாலும் பாடியதை எல்லார் முன்னாலும் திருத்த வேண்டும். அக்காவின் பெயரைச் சொல்லாமல், அவர்கள் சம்மதித்தால் மட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பாஸ்டரிடம் போங்கள். குறை சொல்லப் போகாதீர்கள், ஒரு ஒழுங்கு கேட்டுப் போங்கள். தனி ஒருவரைப் பார்த்துப் பிள்ளை, கல்யாணம், வியாதி, வேலை, பணம், தேதி இவற்றைப் பற்றி மைக்கில் பாடக் கூடாது. யாருக்காவது ஒருவரைப் பற்றி மனதில் அழுத்தம் வந்தால் முதலில் பாஸ்டரிடமும் மூப்பர் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும், அவர்கள் நிதானிக்கட்டும். இவ்வளவு போதும். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதினதில் இரண்டும் அடுத்தடுத்த வசனங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது. எரேமியாவின் காலத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னபோது எரேமியா 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அதோடு விடவில்லை; சொன்னது நடந்தால்தான் கர்த்தர் அனுப்பியவன் என்று தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல வார்த்தைக்கு ஆமென் சொல்லலாம், ஆனால் சோதிக்காமல் விடக் கூடாது.

வாசிப்பதை விடாதீர்கள். நீங்கள் போனால் இதை யோசிக்கிற ஒரு ஆள் அந்த மேடையில் குறைவார். ஆனால் பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இதைச் செய்யலாம்: தனி ஒருவரைப் பார்த்து வாக்குப் பாட ஆரம்பித்தால் கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம். அடியில் பேட் இல்லாமல் அந்த வார்த்தை தனியாக நிற்கட்டும். நிற்கக்கூடியது நிற்கும்.

கடைசியாக அந்த வாக்குத்தத்தப் பாட்டு. மெட்டுப் போட ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் வரிகளையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். 77-ம் சங்கீதத்தைப் பரிந்துரைக்கிறேன். தலைப்பைப் பாருங்கள்: எதுத்தூன் என்னும் இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட ஆசாபின் சங்கீதம். 1 நாளாகமம் 25-ன் இரண்டு பெயர்கள் ஒரே தலைப்பில். அண்ணனுக்குப் பிடித்த வசனத்திலிருந்தே வருகிற பாட்டு என்பதால் அவரும் மறுக்கமாட்டார். முதல் பாதியில் தூக்கம் வராத இரவு, தேவன் இரக்கம் செய்ய மறந்தாரோ என்ற கேள்வி. 11-ம் வசனத்திலிருந்து கர்த்தர் செய்தவற்றை நினைவுகூர்வது, சமுத்திரத்தில் வழி, கடைசியில் மந்தையை நடத்திய கை. வருஷத்தின் கடைசி ராத்திரியில் பிள்ளை பிறந்தவரும் பிள்ளை பிறக்காதவரும் ஒரே வரிசையில் நின்று பாடலாம்.

முதல் பாதியை ஈ மைனரில் வையுங்கள். நடபைரவி ராகத்தின் சாயல் தானாக வரும். 11-ம் வசனத்தில் ஜி-க்கு மாறுங்கள். அதே ஏழு சுரங்கள்தான், ஆதாரம் மட்டும் மாறும். சபை தடுமாறாமல் கூடவே வரும். உங்களுக்குப் பழகிய அந்த நாலு கார்டே இதற்குப் போதும், ஈ மைனர், சி, ஜி, டி என்று வரிசை மாற்றி. முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஜி-க்கு ஓடிவிடாதீர்கள். இரண்டு சரணமாவது அங்கேயே நில்லுங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடித்தால் பாடற்குழு பழக மூன்று வாரம் இருக்கும். மெட்டு அமைந்ததும் போனில் பதிவு செய்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.